என் பெயருக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டு யன்னல்களுக்குக் கீழே அறைக்கு ஒன்றாகச் சூட்டுப்பெட்டிகள் இருக்கின்றன. பழைய காலத்துச் சாமான். இரவில் கரண்ட் குடித்து உள்ளே இருக்கும் கற்களைக் கொதிக்க வைத்துக்கொள்ளும். பகல் முழுக்க அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஜேர்மனியின் எசன் நகரில் எங்கள் கட்டடம் போன்ற சில பழைய கட்டடங்களில்தான் இவை இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அதே கட்டடத்தில் மற்ற வீடுகளின் சொந்தக்காரர்கள் எப்போதோ எரிவாயுவுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு ஆணி அடிக்கவே ஒரு வருடம் யோசிக்கிற மனிதர்.

அதனால் நிலத்துக்குக் கீழே கெல்லரில் இருக்கும் எங்கள் மீட்டரும் மற்றவர்களுடையதைப் போல இல்லை. அதில் பகலுக்கு ஒரு கணக்கு ஓடும், இரவுக்கு ஒரு கணக்கு ஓடும். இரவுக் கரண்டை மலிவாகத் தருகிற கொம்பனி கிடைத்தால் குளிர்காலத்தில் மனிதர் மாதிரி இருக்கலாம். கிடைக்காவிட்டால் கோட்டைப் போட்டுக்கொண்டு சமைக்கலாம். இதை நான் ஒரு ஊருக்கே நின்று விளங்கப்படுத்தியிருக்கிறேன். விளங்கிக்கொண்டவர் என்று ஒருவரையும் காணவில்லை.

இந்த நாட்டில் யாரிடம் கரண்ட் வாங்குவது என்பதை நாங்களே தீர்மானிக்கலாம். சட்டம் அந்தச் சுதந்திரத்தைத் தந்து கனகாலம். கணினியில் அஞ்சல் எண்ணைப் போட்டால் கேள்விப்படாத பெயர்களில் கொம்பனிகள் வந்து வரிசையில் நிற்கும். எல்லாருடைய கரண்டும் வருவது அதே கம்பியில்தான். ஒருவன் முதல் வருடம் மலிவு என்பான், இரண்டாம் வருடம் கழுத்தைப் பிடிப்பான். இன்னொருவன் பச்சை இலை படம் போட்டிருப்பான். நான் ஒரு குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து வந்து இந்த வரிசையை அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினேன். கொம்பனிகளுக்குப் போன் எடுத்து, பாட்டு முடியும்வரை காத்திருந்து, எங்களுடைய இரண்டு கணக்கு மீட்டரைப் பற்றிக் கேட்டேன். பாதிப் பேருக்கு அப்படி ஒரு மீட்டர் இருப்பதே தெரியவில்லை. கடைசியில் ஒரு சின்னக் கொம்பனி கிடைத்தது. இரவு விலை நல்ல விலை.

அந்த ஒப்பந்தம் வந்த அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் பதினொரு வயதில் இங்கே வந்தவள். எந்த நாட்டுக்கு ஓடுவது என்பதை அப்பா தீர்மானித்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்பதை ஒரு அரசாங்கக் கந்தோர் தீர்மானித்தது. கலியாணத்தை இரண்டு வீட்டாரும் சேர்ந்து தீர்மானித்தார்கள், அவர் நல்ல மனிதராக அமைந்தது என் அதிர்ஷ்டம். நானே தேடி, நானே கேட்டு, நானே பிடித்த முதல் சாமான் அந்தக் கரண்ட்தான்.

என் மகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைக்குப் போகிறாள். ஒரு ஜேர்மன் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். ஒரு வருடம் ஆண்டு விழா மண்டபத்தின் வாடகையை ஏற்றிவிட்டார்கள். நிர்வாகசபை கூடிப் பேசியபோது யாரோ ஒருவர் ஒரு தரகரைக் கூட்டிவந்தார். எங்களுடைய ஆள்தான், முப்பது வயது இருக்கும், கோட்டும் சூட்டும். அவர் சொன்ன கணக்கு இதுதான்: பெற்றோர் எல்லாரும் அவர் காட்டும் கொம்பனிக்குக் கரண்டை மாற்றினால், மாற்றுகிற ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் பாடசாலைக்கு ஒரு தொகை கிடைக்கும். விழா நடக்கும், தமிழ் வாழும்.

எங்களுடைய ஆட்களில் பலர் வந்த நாளில் இருந்த கரண்ட் கொம்பனியை அதுவரை மாற்றவே இல்லை. மாற்றலாம் என்பதே சிலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர்களுக்கு அது உண்மையிலேயே இலாபமாகவும் இருந்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் நான் எழும்பி, எங்கள் வீட்டு மீட்டர் வேறு, இந்தக் கொம்பனி இரவுக்கும் பகல் விலைதான் போடும், எங்களுக்குச் சரிவராது, மண்டபத்துக்கு வேறு விதமாக என்னால் ஆனதைத் தருகிறேன் என்று சொன்னேன். தரகர் சிரித்துக்கொண்டு, கரண்டில் பகல் கரண்ட், இரவுக் கரண்ட் என்று சாதி இருக்கிறதா என்று கேட்டார். சபை சிரித்தது. நிர்வாகசபைத் தலைவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், எல்லாரும் செய்யும்போது ஒரு குடும்பம் மட்டும் விலகி நிற்பது பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் இல்லை என்றார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க நோவோடு வருகிற சனத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவள் நான். அன்றைக்குப் பொறுமை வரவில்லை. உங்கள் வீட்டில் கற்பெட்டி இருந்தால் வந்து கதையுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அது திமிர் என்று வட்ஸ்அப்பில் முடிவானது.

அடுத்த சனிக்கிழமை பாடசாலை விறாந்தையில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தார்கள். குடும்பங்களின் பெயர்கள், மாறியவர்களின் பெயருக்கு நேரே பச்சை மையில் ஒரு சரி அடையாளம். என் மகள் அதை எனக்கு முதல் பார்த்துவிட்டாள். எங்களுக்கு ஏன் சரி இல்லை, நாங்கள் பிழையா என்று கேட்டாள். தாளைக் கிழித்தெறிய வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை. இப்போது நினைத்தால் கிழித்திருக்க வேண்டும்.

இனி மேல்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மேலே தனியாக இருக்கிறார், ஒரு உடுப்புத் தோய்க்கும் தொழிற்சாலையில் வேலை. சொந்தம் இல்லை, ஆனால் என் மகள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவரிடம் ஜேர்மன் பாஸ்போட் இல்லை. மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் விழுந்து, மூன்றாம் தரம் எழும்பினார். அந்த மூன்றாம் தரத்துக்கு என்னுடைய சமையலறை மேசையில் வைத்துப் படிப்பித்தது நான். குடியுரிமைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான். உங்கள்மீது ஏதாவது விசாரணை நடக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி. அக்கா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தன்னை விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்றார்.

அக்காவின் குணம் ஒன்று. யாருக்கு என்ன செய்தாலும் கேட்டுவிட்டுச் செய்ய மாட்டார். கோயிலுக்குப் போனால் தன் பெயருக்கு ஒரு அர்ச்சனை, எங்கள் மூவரின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் சேர்த்து இன்னொன்று. கடையில் மீன் மலிவென்றால் எங்களுக்கும் சேர்த்து வாங்கி, கதவில் தொங்கவிட்டுப் போவார். எனக்குக் காய்ச்சல் என்றால் என் வேலையிடத்துக்குத் தானே போன் எடுத்து, தன் ஜேர்மனில் லீவு சொல்லிவிடுவார். எங்களுக்குள் அதற்கு உரிமை என்று பெயர். நானும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த அன்பில் குளிர்காய்ந்தவள்தான் நானும், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

கோடை விடுமுறைக்கு நாங்கள் யாழ்ப்பாணம் போனோம். போகும்போது தபால்பெட்டித் திறப்பையும் கெல்லர்த் திறப்பையும் அக்காவிடம் கொடுத்தோம். பூச்சாடிக்குத் தண்ணீர் விட வேண்டும், கடிதங்களை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு கிழமை கழித்துப் பெட்டிகளோடு வந்து இறங்கினோம். அக்கா புட்டும் குழம்பும் செய்து வைத்திருந்தார். கடிதங்களை ஒரு பையில் போட்டு, தேதிப்படி அடுக்கி, ஒன்றையும் உடைக்காமல் வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும், ஒரு பரிசை அவிழ்க்கிற முகத்தோடு சொன்னார்.

"பிள்ளை, உன்ர பேருக்கும் சேர்த்துக் குடுத்திட்டன். இனி ஒருத்தரும் உன்னைக் கதைக்க ஏலாது."

எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மீட்டர் நம்பர் என்றார். கடைசித் தேதி நெருங்கியதாம், நாங்கள் இல்லையாம், தன் கரண்டை மாற்றப் பாடசாலைக்குப் போன இடத்தில் பார்த்தால் எல்லாக் குடும்பங்களுக்கும் சரி போட்ட தாளில் எங்கள் பெயருக்கு மட்டும் சரி இல்லாமல் கிடந்ததாம். அக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. கெல்லருக்குப் போய் மீட்டரைப் படம் எடுத்திருக்கிறார். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் நீங்களே கையெழுத்துப் போடலாம் என்று தரகர் தம்பி சொல்லியிருக்கிறார். அக்கா ஒப்பந்தத் தாளில் என் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அர்ச்சனைத் துண்டில் பெயர் எழுதுகிற மாதிரி.

நான் கத்தவில்லை. மகள் பக்கத்தில் இருந்தாள். பச்சைச் சரி கிடைத்துவிட்டது என்று அவள் பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தாள். நான் பையைக் கவிழ்த்துக் கடிதங்களைத் தேடினேன். புதிய கொம்பனி வருக வருக என்று எழுதியிருந்தது. பழைய கொம்பனி போய்வாருங்கள் என்று எழுதியிருந்தது. மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்று தந்திருந்த இரண்டு கிழமை, நான் நல்லூரில் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது.

பழைய கொம்பனிக்குப் போன் எடுத்தேன். என்னைத் திருப்பி எடுக்க அவர்களுக்குச் சந்தோஷமாம், ஆனால் அந்த இரவு விலையைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். போன மாதம்வரை நான் பழையவள், இந்த மாதம் புதியவள். புதிய கொம்பனிக்கு எடுத்தேன். இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொன்னேன். அங்கே இருந்த பெண் நல்லவள், அதுதான் கஷ்டமாகப் போனது. குரலைத் தாழ்த்தி, இதைக் கவனமாகக் கேளுங்கள் என்றாள்.

"உங்கள் கையெழுத்து இல்லை என்று எழுதித் தந்தால் ஒப்பந்தம் உடனே இரத்தாகும். அதே நாளில் நாங்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுப்போம். போட்டவர் யாராக இருந்தாலும்."

எழுதாவிட்டால் என்று கேட்டேன். எழுதாவிட்டால் அது என் கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு.

அந்தச் சனிக்கிழமை பாடசாலைக்குப் போய்த் தரகரைப் பிடித்தேன். தலைவரும் பக்கத்தில் இருந்தார். இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டேன். அவருடைய முகத்தில் ஒரு மயிர் அசையவில்லை. "நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. அவவாத்தான் கொண்டுவந்து தந்தவ. பொலிஸ் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவன்," என்றார். நான் ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். என் வாயில் வந்ததை அங்கே பிள்ளைகள் இருந்ததால் விழுங்கினேன். தலைவர் என் தோளைத் தொடாத குறையாக, பெரிசுபடுத்த வேண்டாம், எங்கள் ஆட்களுக்குள் முடிப்போம், விழா நல்லாக நடக்க வேண்டும் என்றார். எங்கள் ஆட்களுக்குள் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆள் எங்கள் ஆளின் தலையில் கட்டிவிட்டு, இன்னொரு எங்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கத் தயாராக நிற்கிறான். முடிப்பதாம்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர், களைத்து வருவார், கோபப்படுவதற்கு அவரிடம் தெம்பு மிச்சம் இருப்பதில்லை. நீ எழுதிக் கொடுத்தால் அக்காவின் விண்ணப்பம் என்னவாகும் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று நிரப்பியதே நான்தானே. விசாரணை என்று ஒன்று தொடங்கினால் கந்தோர் அந்தக் கோப்பை எடுத்து ஓரமாக வைத்துவிடும். அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. நான்காம் தரம் எழும்ப அவரிடம் காலம் இல்லை.

நான் எழுதவில்லை. அது என் கையெழுத்தாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதைச் சொன்னால் சிலர் பெரிய மனசு என்பார்கள். பெரிய மனசு ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டேன், கடித்த பல் இன்னும் நோகிறது. அக்காமேல் கோபம், தரகன்மேல் கோபம், தலைவர்மேல் கோபம். தெரிவு செய்யுங்கள் என்று வாசல்தோறும் ஒரு சந்தையைத் திறந்துவிட்டு, ஒரு மீட்டர் நம்பரும் ஒரு கிறுக்கலும் இருந்தால் யாரும் யாருக்காகவும் தெரிவு செய்யலாம் என்று வைத்திருக்கிற இந்த நாட்டின்மேலும் கோபம்.

அக்காவிடம் இதொன்றையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தானே பொலிஸுக்குப் போய் நான்தான் போட்டேன் என்று நிற்கக்கூடியவர். அந்தக் கரண்ட் எங்கள் வீட்டுக்குச் சரிவராது அக்கா என்று மட்டும் ஒருநாள் சொன்னேன். எல்லாருக்கும் சரிவந்தது உனக்கு மட்டும் ஏன் சரிவராது என்று கேட்டுவிட்டு, இடியப்பத்தட்டை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் மணியடித்தால் கதவைப் பாதி திறந்து கதைக்கத் தொடங்கினேன். விழாவுக்கும் போகவில்லை. மகளைக் கணவர் கூட்டிப்போனார். மேடையில் நன்றியுரையில் எங்கள் குடும்பத்தின் பெயரையும் வாசித்தார்களாம்.

குளிர்காலம் வந்தது. பெட்டிகள் இரவில் குடித்தன, நாங்கள் பகல் விலை கொடுத்தோம். முதல் பில்லைப் பார்த்த பிறகு படுக்கையறைப் பெட்டிகளை நிறுத்தினேன், பிறகு சமையலறைப் பெட்டியையும் நிறுத்தினேன். வரவேற்பறையில் மட்டும் ஒன்று ஓடியது. மூவரும் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்தோம். மகள் ஜக்கெட்டைக் கழற்றாமல் வீட்டுப்பாடம் செய்தாள். யன்னல் கரையில் ஈரம் பிடித்துக் கறுப்பாகப் பூத்தது. தெரிவு செய்த காலத்தில் நான் மிச்சம்பிடித்த எல்லாவற்றையும் அந்த ஒரு குளிர்காலம் தின்றுவிட்டது.

தை மாதத்தில் ஒரு பின்னேரம் அக்கா மணியடித்தார். கையில் ஒரு கடிதம், இன்னொரு கையில் கேசரி. பாஸ் சரிவந்துவிட்டது. பாதிக் கதவு என்ற என் ஏற்பாடு அன்றைக்கு நடக்கவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. பிறகுதான் அவர் சுற்றிப் பார்த்தார். நிலத்தில் விரித்த மெத்தைகள், ஜக்கெட்டோடு பிள்ளை, வாய்திறந்தால் புகைகிற சமையலறை. ஒன்றும் கேட்கவில்லை. விறுவிறு என்று மேலே போனார். தன் குளியலறையில் வைக்கும் காற்று ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, என் சுவரில் செருகி, ஆகக் கூடின சூட்டில் திருப்பிவிட்டார். எங்கள் பகல் விலைக் கரண்டில் அது உறுமத் தொடங்கியது.

நான் போய் வயரை இழுத்து எடுத்தேன். மகளைப் பக்கத்து அறைக்குப் போகச் சொன்னேன், அங்கே குளிர் என்றாள், போ என்றேன். பிறகு ஐந்து மாதமாக விழுங்கி வைத்திருந்தது வந்தது.

"அக்கா, இனி என்ர பேரிலை நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. ஒரு அர்ச்சனைகூட வேண்டாம். நீங்கள் போட்ட அந்தக் கையெழுத்தை என்ர எண்டு விட்டபடியால்தான் இந்தக் கடிதம் உங்கட கையில இருக்கு. இல்லையெண்டு நான் எழுதியிருந்தால் பொலிஸ் உங்கட வாசலில நிண்டிருக்கும்."

தரகர் என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். மீட்டரில் இரண்டு கணக்கு ஓடுவதையும் சொன்னேன், கூட்டத்தில் சொன்ன அதே சொற்களில். அக்கா நின்றபடியே கேட்டார். பிறகு கதிரையில் இருந்தார். ஹீட்டரின் வயரை எடுத்து ஒழுங்காகச் சுற்றிச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சொல்லி முடித்த ஆறுதல் வரவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க இன்னும் கோபம்தான் வந்தது.

பிறகு கடிதத்தை மடித்து உறையில் வைத்தார். பாஸைத் தருகிற அன்று நகரமண்டபத்துக்குக் கூட ஒருவர் வரலாமாம், பெயர் கேட்டார்களாம். அதைச் சொல்லத்தான் முதலில் வந்தாராம்.

"உன்ர பேரைத்தான் பிள்ளை குடுத்தனான். கேக்காமல் குடுத்திட்டன்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல், "மாத்தவோ?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் அவர் என் விருப்பத்தைக் கேட்டது அதுதான் முதல் தரம். அடுத்த அறையில் மகள் இருமினாள். மாத்த வேண்டாம் என்றேன்.